மாடிப்படி இறங்கிய மகாராஜா

முன்னொரு காலத்திலே மருதூர்ச் சீமையை அதிரூபசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வாலிபத்தில் வேட்டைக்குப் போனால் குதிரைதான் களைக்கும், அவர் களைக்கமாட்டார். அறுபது தாண்டி, மகாராணியும் காலமான பிறகு மாடி அறையே கதி என்றாகிவிட்டார். முழங்கால் பிடித்துக்கொண்டது. பசி செத்துப்போனது.

"பிரபு அசையக் கூடாது! ஒருத்தரும் மாடிக்கு வந்து தொந்தரவு பண்ணக் கூடாது!" என்று சட்டம் போட்டவன் ராஜாவின் மைத்துனன் குலபூஷணன். அந்த ஆளின் எண்ணம் வேறு. சித்திரைத் தேருக்கு ராஜாதான் முதல் வடம் பிடிக்க வேண்டும். முடியாமல் போனால் மகுடத்தை இறக்கிவைக்க வேண்டும். பிள்ளையில்லாத ராஜா, அடுத்த மகுடம் மைத்துனனுக்குத்தானே! அதனால் வேளாவேளைக்குப் பால்பாயசமும் நெய்யப்பமும் மாடி ஏறின. ராஜா தனியே உட்கார்ந்து அதை வெறித்துப் பார்ப்பார், பாவம்.

மந்திரி நாகனார் வாதாடவில்லை. கொல்லையில் நடக்கும் வேலைக்காரர் பந்தியை ராஜாவின் ஜன்னலுக்கு நேர் கீழே மாற்றிப் போட்டார், அவ்வளவுதான்.

மத்தியானம் கீழே ஒரே சிரிப்பு! "என்னவாம்? கேட்டு வா," என்று ராஜா மைத்துனனை அனுப்பினார்.

அவன் திரும்பி வந்து கைகட்டி நின்றான். "மகாபிரபு! தங்கள் யானைப்பாகன் மாடக்கோன் என்பான், மது அருந்தி, தன் இல்லத்துள் பின்னோக்கிப் பிரவேசித்தனன். அவன் இல்லாள் குப்பையை அகற்றுமாறு விண்ணப்பித்தனள்."

"இதிலே சிரிக்க என்ன இருக்கு?"

"அதுதான் அடியேனுக்கும் விளங்கவில்லை, பிரபு."

கீழே மறுபடி சிரிப்பு வெடித்தது. ராஜாவுக்குத் தாங்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "நாகனாரே, அந்தப் பாகனை மேலே அனுப்பும்!" என்றார்.

"மேலே யாரும் வரக்கூடாதுன்னு சட்டமாச்சே, மகாராஜா."

"சரி, நான் கீழே வரலாமா?"

"அதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையே!"

"ஐயோ, முழங்கால்!" என்று குலபூஷணன் பதறினான். ராஜா சுவரைப் பிடித்து, பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, ஒருவழியாக இறங்கிவிட்டார்.

பாகன் எழுந்து நின்று சொன்னான்: "நேத்துக் கள்ளு கொஞ்சம் அதிகமாயிடுச்சு சாமி. நான் வெளியே கிளம்புறேன்னு பொண்டாட்டி நினைக்கட்டும்னு பின்பக்கமாவே நடந்து வீட்டுக்குள்ள போனேன். அவ சொல்றா, 'போறதுதான் போறே, அந்தக் குப்பையையும் கொட்டிட்டுப் போ!'"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்து இலைக் களியையும் கீரையையும் காலி செய்துவிட்டார்! மகாராணி போன பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் தினமும் பந்திக்கு வந்தார். சாப்பிட்ட கையோடு, பேசிக்கொண்டே யானையோடு ஆற்றங்கரைவரை நடப்பார். முழங்கால் வலி அடியோடு போகவில்லைதான். ஆனாலும் கால் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது.

தேர்நாளில் ராஜா வடம் பிடித்து இழுத்தார், தேர் நகர்ந்தது! ஊரே கத்தியது. குலபூஷணன் முந்திக்கொண்டு, "எல்லாம் அடியேன் கொடுத்த ஓய்வின் மகிமை, பிரபு!" என்றான்.

"அப்படியா? அவ்வளவு நல்ல மருந்தை நானே வைத்துக்கொள்ளலாமா? இனி மாடி அறை உனக்கு. பாயசமும் உனக்கே. ஒருத்தரும் மேலே வரமாட்டார்கள்," என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி நாகனார் கழுத்தில் போட்டார்.

குலபூஷணன் வீம்பாகச் சில நாள் மாடியில் இருந்து பார்த்தான். ஒரு மத்தியானம் கீழே சிரிப்பு கிளம்பியபோது ஜன்னலில் அவன் தலை தெரிந்தது.

"அத்தான்... என்ன சொல்லிச் சிரிக்கிறீங்க?"

ராஜா அண்ணாந்து பார்த்தார். சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் இலையைப் போட்டார்.

"இறங்கி வாடா, சொல்றேன்."