களிம்பேறிய மைக்கூடு

முன்னொரு காலத்தில், ஊருக்குள் காகிதமும் மையும் வந்துவிட்ட, ஆனால் ராஜாக்கள் இன்னும் போகாத காலத்தில், மகிழம்பாடி என்றொரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட வல்லபராயருக்கு இரண்டு வியாதிகள். ஒன்று சந்தேகம். அவருக்கு வரும் பாலை முதலில் பூனை குடிக்கும், பிறகு சமையற்காரர் குடிப்பார், பிறகு மந்திரி குடிப்பார். மிச்சமிருந்தால் ராஜா குடிப்பார்.

இன்னொரு வியாதி, பழைய மேசைச் சாமான்கள் சேர்ப்பது. மைக்கூடு, பேனாத் தாங்கி, முத்திரைக் கட்டை என்று ஒரு மண்டபம் நிறைய அடுக்கி வைத்திருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தனை மைக்கூட்டிலும் ஒரு சொட்டு மை கிடையாது. கடிதம் எழுதவும் வந்ததைப் படித்துச் சொல்லவும் மூன்று எழுத்தர்களை வைத்திருந்தார். அவர்களில் இளையவன் சாந்தப்பன். அவன் மனைவி தேவானைதான் அந்த மண்டபத்தைத் துடைத்துப் பெருக்குபவள்.

ஒருநாள் பச்சைத் தலைப்பாகை கட்டிய பழஞ்சாமான் வியாபாரி ஒருவன் அரண்மனைக்கு வந்தான். வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை இது: "யாரையும் நம்பாதீங்க மகாராஜா. என்னையும் சேர்த்துத்தான்."

இப்படிச் சொல்கிறவனை நம்பாமல் இருக்க முடியுமா? ராஜா அன்றைக்கே நம்பிவிட்டார்.

அந்த வாரம் மூத்த எழுத்தர் கந்தப்பரைக் காணோம். மறுநாள் காலையில் வியாபாரி ஒரு பித்தளை ஆமையைக் கொண்டுவந்தான். காகிதம் பறக்காமல் மேலே வைக்கிற கனம். உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. "முந்நூறு வருஷத்துச் சாமான். பழசைத் தேய்க்காதீங்க மகாராஜா, களிம்பில்தான் அதன் வயசு இருக்கு" என்றான்.

அடுத்த வாரம் இரண்டாவது எழுத்தர் மாசிலாமணியைக் காணோம். மறுநாள் வியாபாரி, எழுதிய மை காய மணல் தூவுகிற பித்தளை டப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலும் பச்சைக் களிம்பு. "பழசைத் தேய்க்காதீங்க மகாராஜா, களிம்பில்தான் அதன் வயசு இருக்கு."

மூன்றாவது வாரம் சாந்தப்பனைக் காணோம். மறுநாள் வந்தது ஒரு மைக்கூடு. களிம்பும் அதே, பேச்சும் அதே.

மூன்று தடவையும் ராஜாவின் தீர்ப்பும் ஒன்றுதான். ரகசியங்களைச் சுருட்டிக்கொண்டு எதிரி நாட்டுக்கு ஓடிவிட்டான் என்றார். களிம்பைத் தேய்க்கிறவர் எவராயிருந்தாலும் விரலை வெட்டச் சொல்லி ஆணையும் போட்டார், வாசலில் காவலும் போட்டார்.

தேவானைக்கு மனசு ஆறவில்லை. அவள் புருஷனுக்கு உள்ளங்காலில் அப்படியொரு கூச்சம். புல்தரையில்கூட வெறுங்காலோடு நடக்கமாட்டான். அவன் செருப்போ மண்டபத்து வாசலிலேயே கிடந்தது. செருப்பில்லாமல் எந்த எதிரி நாட்டுக்கு ஓடியிருப்பான்? இதைச் சொல்லப் போனவளை ராஜா மேலும் கீழும் பார்த்து, நீயும் அவனுக்கு உடந்தையா என்று கேட்டார். அவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

மறுநாள் புது மைக்கூட்டை எடுத்து அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தாள். மூடி கடகடவென்று ஆடியது. மறுபடி துடைத்தாள், மறுபடி ஆடியது. மூன்றாம் தடவை ஒரே விரலால் மெதுவாகக் கீறினாள். மைக்கூடு அவள் கையைவிட்டுத் துள்ளிவிடும் போல நெளிந்தது. தேவானைக்குப் புரிந்துவிட்டது. துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று மாலையே வியாபாரி ராஜாவிடம் வந்து, மூன்று சாமான்களுக்கும் நாளைக் காலை அரக்குப் பூசிவிடுவதாகவும், பூசிவிட்டால் ஆயிரம் வருஷமானாலும் அவை மாறாமல் இருக்குமென்றும் சொன்னான். எழுத்தர்கள்தான் இல்லையே, இனிமேல் கடிதங்களை நானே எழுதுகிறேன், முத்திரையும் என்னிடமே இருக்கட்டும் என்றான். ராஜா தலையாட்டினார். தேவானை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடிந்தால் புருஷன் என்றைக்கும் மைக்கூடுதான். தேய்க்காதே தேய்க்காதே என்று அவன் சொல்வதைப் பார்த்தால், களிம்பு போனால் மாயமும் போய்விடும் போலிருந்தது. தானே தேய்க்கலாமென்றால் பாதி தேய்ப்பதற்குள் காவல்காரன் விரலை எடுத்துவிடுவான். உண்மையைச் சொன்னால் ராஜா நம்பப்போவதில்லை. யோசித்து யோசித்து, ராஜாவின் வியாதியிலேயே மருந்தைக் கண்டுபிடித்தாள்.

காலையில் மடியில் ஓர் உருண்டைப் புளியோடு ராஜா முன்னால் போய் நின்றாள். "மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம்."

சந்தேகம் என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பாத்திரம் விளக்கியே வளர்ந்தவளுங்க. நிஜமான முந்நூறு வருஷத்துக் களிம்பு புளிக்கு அசையாது. போன வாரம் பூசின களிம்புன்னா ஒரே தேய்ப்புல போயிடும். இது பழசுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்குங்க."

அது உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தக் களிம்பும் புளிக்கு அசையும். ஆனால் ராஜா பாத்திரம் விளக்கியிருந்தால்தானே தெரியும்! எதிரி படையெடுத்தால்கூடத் தாங்குவார், தன் மண்டபத்தில் போலிச் சாமான் இருப்பதைத் தாங்கமாட்டார். தேவானையைத் தேய்க்கவிட்டால் அவள் ஏதாவது தந்திரம் செய்வாள் என்று தாமே புளியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் புளியையும் முதலில் பூனைதான் முகர்ந்து பார்த்தது.

அரக்குச் சட்டியோடு அப்போதுதான் வியாபாரி உள்ளே வந்தான். ராஜாவின் கையில் மைக்கூட்டைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. "பழசைத் தேய்க்காதீங்க மகாராஜா" என்று ஓடிவந்தான்.

"நீ ஏன் பயப்படறே?" என்று கேட்டுவிட்டு ராஜா தேய்த்தார். ஒரு தேய்ப்பில் பித்தளை பளிச்சிட்டது. மறு தேய்ப்பில் மைக்கூடு கனத்தது. மூன்றாவது தேய்ப்பில் சாந்தப்பன் ராஜாவின் மடியில் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் புளிக்கரைசலோடு.

அவன் மனைவியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "தேவானை, உள்ளங்காலைத் தொடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

தேவானை சிரித்தாள். சிரித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகு ஆமை கந்தப்பரானது, மணல் டப்பி மாசிலாமணியானது. மூவர் மேலிருந்தும் வழிந்த பச்சைத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. ஓடப்பார்த்த வியாபாரி அதில் வழுக்கி உட்கார்ந்தான். மூவரையும் விட்டுப் போன மாயத்துக்கும் ஓர் இடம் வேண்டுமே! உட்கார்ந்த இடத்திலேயே அவன் ஒரு பித்தளைப் படிக்கமாகிவிட்டான், வெற்றிலை எச்சில் துப்புகிற பெரிய படிக்கம்.

ராஜா மூன்று எழுத்தர்களிடமும் தேவானையிடமும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். சாந்தப்பனிடமே அரிச்சுவடி படிக்க உட்கார்ந்தார். அந்த மண்டபத்து மைக்கூடுகளில் முதல்முறையாக மை ஊற்றினார்கள். பாலை இப்போது பூனை மட்டும்தான் குடித்துப் பார்க்கிறது. தேவானையை மண்டபம் முழுவதற்கும் அதிகாரியாக்கினார்.

அதிகாரியான முதல் நாள், வாசலில் களிம்பேறிக் கிடந்த படிக்கத்தைக் காட்டி, இதையும் விளக்கிவிடலாமா என்று பணியாள் ஒருவன் புளியோடு வந்து கேட்டான்.

"வேண்டாம்ப்பா," என்றாள் தேவானை. "பழசைத் தேய்க்கக் கூடாது."