தெப்பக்கார முயலும் தம்பி நீர்நாயும்

ஒரு காட்டு ஏரியில் ஒரு முயலும் ஒரு நீர்நாயும் தெப்பம் விட்டுப் பிழைத்து வந்தன. முயலின் பெயர் குழைக்காதி. மூங்கில் தெப்பம் அதற்குச் சொந்தம். நீர்நாயின் பெயர் சுழியன். தெப்பத்தில் கட்டிய காட்டுக் கொடியை வாயில் கவ்வி இழுப்பது அதன் வேலை.

முயலுக்கு நீச்சல் தெரியாது. காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே வெடவெடவென்று நடுங்கும். ஆனால் வாய் இருந்ததே, அது ஏரியைவிடப் பெரிய வாய்!

"வாங்க, வாங்க! அக்கரை நாவல் மரத்துக்குப் போறவங்க ஏறிக்கோங்க!"

இப்படி அது கூவினால் அணில், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் ஓடிவரும். கூலியாக அவரவரிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு ஏறும். கிழங்கும் கீரையும் வந்தால் முயலுக்கு. மீனும் நண்டும் வந்தால் நீர்நாய்க்கு. இரண்டும் ஒரே தாமரை இலையில்தான் சாப்பிடும்.

வெயில் தாழ்ந்ததும் முயல் கரையில் உட்கார்ந்து பழைய கதையைத் தொடங்கிவிடும். நீர்நாய் எத்தனையோ தடவை கேட்ட கதைதான். இருந்தாலும் காது கொடுக்கும்.

"பெரிய மழை பெஞ்ச வருஷம் ஞாபகம் இருக்காடா தம்பி? வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து இந்தக் கரையிலதானே ஒதுங்கினே? போக்கிடம் இல்லைன்னு அழுதே!"

"நான் எங்கேக்கா அழுதேன்? மூக்குல தண்ணி போயிருச்சு!"

"அழுதேடா! நான்தான் தெப்பத்தைக் காட்டி, 'இதை இழுத்துத்தான் பாரேன்'னு சொன்னேன். நட்ட நடு ஏரியில என்னை வச்சுத் தட்டாமாலை சுத்தினியே, பாவி!"

இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்த முதல் நாளின் ஈர மூங்கில் வாசனை முயலின் மூக்கில் இன்னும் அப்படியே இருந்தது. முதலாளி யார், வேலையாள் யார் என்று யாரும் கேட்காத நாட்கள் அவை. நினைக்க நினைக்க முயலுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். என்ன அருமையான காலம்!

ஒருநாள் காலை ஆள்காட்டிக் குருவி கரையில் வந்து இறங்கியது. காட்டுச் சபையின் செய்திகளை ஊரெல்லாம் கத்திச் சொல்வது அதன் பொறுப்பு.

"கேளுங்க, கேளுங்க! வேலைச் சட்டத்தைச் சபை மாத்தியிருக்கு! முன்னாடி கூட்டமா வேலை செய்யற இடத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு, யானை வீட்டு மரக்கிடங்கு மாதிரி. இனிமே ஒரே ஒரு ஆள் வேலை செஞ்சாலும் அந்த ஆளோட பேரை முதலாளி சபையில சொல்லணும். வர்ற கூலியில ஒரு பங்கைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்கணும். வேலை செய்யும்போது அடிபட்டா, குணமாகற வரைக்கும் களஞ்சியம் சாப்பாடு போடும்!"

முயலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க வேலையாள் யாரும் இல்லை! சுழியன் என் தம்பி. கூடப் பிறக்கலை, அவ்வளவுதான்! தம்பியை வேலையாள்னு சபையில போய்ச் சொல்லணுமா? அந்தக் காலத்துல சட்டம் கேட்டா நாங்க தெப்பம் விட்டோம்?"

"அக்கா, கிழங்குக் கடை முள்ளம்பன்றிகூடத் தன் கடையில வேலை செய்யற எலியோட பேரைச் சொல்லிருச்சே!" என்றது குருவி.

"அந்த எலி முள்ளம்பன்றிக்கு அந்நியம். அதனால சொல்லுச்சு! நீ உன் வேலையைப் பாரு!"

தண்ணீரில் மிதந்தபடி கேட்டுக்கொண்டிருந்த நீர்நாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்படிச் சொல்லுக்கா! நான் என்ன வேலையாளா?" என்று மீசையை முறுக்கிக்கொண்டது.

களஞ்சியத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பதிலும் முயலுக்கு ஓரத்தில் கொஞ்சம் நிம்மதி. இதை அதன் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கு வரும். ஆனால் தம்பி மேல் வைத்த பாசம் சத்தியமாக உண்மை. பாசம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று அது நினைத்துவிட்டது.

கோடை மழை ஒன்று திடீரென்று அடித்துப் பெய்தது. மலையிலிருந்து ஒரு பெரிய அடிமரம் உருண்டு வந்து ஏரியில் விழுந்தது. அப்போது தெப்பம் நடு ஏரியில் இருந்தது. தெப்பம் நிறைய அணில் குஞ்சுகள்!

"விட்டுட்டு முங்குடா தம்பி!" என்று முயல் கரையிலிருந்து அலறியது.

நீர்நாய் கொடியை விடவில்லை. தெப்பத்தைத் திருப்பிக் கரையை நோக்கி இழுத்தது. குஞ்சுகள் தப்பித்தன. ஆனால் அடிமரம் நீர்நாயின் பின்னங்காலில் மோதிவிட்டது. எலும்பு முறிந்தது.

முயல் பச்சிலை பறித்து வந்து, மென்று, காலில் வைத்துக் கட்டியது. பக்கத்திலேயே இருந்து ஈ ஓட்டியது. எல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தெப்பம் ஓடினால்தானே கூலி வரும்? மீன் வரும்?

முயல் இளசான அருகம்புல்லாகப் பார்த்துக் கொண்டுவந்தது.

"சாப்பிடுடா தம்பி! தேனா இனிக்கும்!"

நீர்நாய் அக்காவின் மனம் நோகக் கூடாதென்று ஒரு வாய் மென்றது. தொண்டையில் இறங்கவில்லை. துப்பிவிட்டது.

முயல் மீன் பிடிக்கவே போய்விட்டது! கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னங்கால்களைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியது. சேற்றில் வழுக்கித் தலைகுப்புற விழுந்தது. கோரையைப் பிடித்துக்கொண்டு கரையேறியதே பெரும்பாடு. மீன்கள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. நீர்நாயின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

வேறு வழியில்லாமல் முயல் பொதுக் களஞ்சியத்துக்கு ஓடியது. அங்கே காவலுக்கு நின்றது ஒரு நாரை. உள்ளே மலைபோலக் கருவாடு!

"என் சுழியன் காலொடிஞ்சு கிடக்கான். கொஞ்சம் மீன் கொடுங்கய்யா!"

"சுழியன் பேரைச் சபையில சொன்னியாம்மா?"

"இல்லை."

"உன் வேலையாளா?"

"என் தம்பிய்யா!"

"தம்பின்னா நீதான் பார்த்துக்கணும். களஞ்சியம் வேலையாளுக்குத்தான்."

முயலின் நீண்ட காதுகள் தொங்கிப்போயின. "சரி, வேலையாள்தான்! வேலையாள்னே எழுதிக்கோங்க!"

"இப்பச் சொன்னா எப்படிம்மா? அடிபடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டா, குணமாகற வரைக்கும் சாப்பாடு போடறது முதலாளி பொறுப்பு. அதுவும் சட்டத்துலயே இருக்கு." நாரைக்கும் மனம் கேட்கவில்லைதான். "இங்க இருக்கறது எல்லாரும் கொடுத்த பங்கு. முள்ளம்பன்றிக் கடை எலி வந்தா நான் கொடுத்தே ஆகணும். உனக்கு எந்தக் கணக்குல கொடுப்பேன், சொல்லு!"

முயல் வெறுங்கையோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னது.

"தம்பின்னு நீ சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுக்கா. அந்தச் சந்தோஷத்துல நானும் எதையும் கேக்காம விட்டுட்டேன். ஆனா, ரொம்பப் பசிக்குதுக்கா" என்றது நீர்நாய்.

முயல் ஓவென்று அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஏரியின் மேற்குக் கரைக்குப் போனது. அங்கே பை போன்ற அலகுடைய பறவை, ஒரு கூழைக்கடா இருந்தது. வாய் நிறைய மீன் அள்ளுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. தெப்பத்தின் மேல் அதற்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"கூழைக்கடா அண்ணே! என் தெப்பத்தை எடுத்துக்கோங்க. என் தம்பி எழுந்து நீந்தற வரைக்கும் தினமும் அவனுக்கு மீன் கொண்டாந்து போடுங்க!"

"நிஜமாத்தான் சொல்றியா? அது நீ கட்டின தெப்பமாச்சே!"

"நிஜமாத்தான்."

கூழைக்கடா தெப்பத்தை ஓட்டிப் போனபோது முயல் கரையிலேயே நின்று பார்த்தது. அந்த மூங்கில் ஒவ்வொன்றையும் அது தன் பல்லால் கடித்துக் கடித்து வெட்டியிருந்தது. எத்தனை பயணம், எத்தனை சிரிப்பு! தெப்பம் கோரைப் புதருக்குப் பின்னால் மறையும்வரை முயலின் கண்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன.

தினமும் மீன் வந்தது. நீர்நாய் தேறியது. லேசாகக் கால் சாய்த்து நடந்தாலும் தண்ணீருக்குள் பழைய வேகத்தில் பாய்ந்தது. அதைப் பார்த்ததும் கூழைக்கடா வந்து சேர்ந்தது.

"சுழியா, தெப்பத்தை இழுக்க எனக்கு ஆள் தோது இல்லைப்பா. நீ வர்றியா? உன்னை என் சொந்தப் பிள்ளை மாதிரி வச்சுக்கறேன்!"

நீர்நாய் வாயைத் திறப்பதற்குள் முயல் ஒரே தாவாகத் தாவிக் குறுக்கே வந்து நின்றது.

"அதெல்லாம் அப்புறம், அண்ணே! முதல்ல வாங்க சபைக்கு. இவன் உங்ககிட்ட வேலை செய்யறான்னு பேரைச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் என் தம்பி கொடியைத் தொடுவான்!"

பாசத்தோடு ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்பவர், சட்டம் அந்த வேலையாளுக்குத் தரும் உரிமையை முதல் நாளே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.