பதினேழாம் பக்கம்

"அந்தப் பொம்பளை இனிமே நம்ம பக்கமே வரக்கூடாது. தடை போடணும்."

செசீலி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆவுடையப்பன் ஆரம்பித்துவிட்டார்.

செசீலி நாற்காலியைக் கைகாட்டினார்.

ஆவுடையப்பன் உட்காரவில்லை.

செசீலிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வயது முப்பத்தாறு. தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் 'வாசிப்பான்' என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கியவர் அவர். அதன் மூல நிரல் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் திருத்தி அனுப்பலாம். வருவதைச் சேர்ப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்பவர் ஆவுடையப்பன். தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கியவர்; வயது ஐம்பத்தெட்டு. நிரல் எழுதக் கற்றது செசீலியிடம். அதனால் அவரை ஆசான் என்பார்.

"யாரைச் சொல்றீங்க, அண்ணாச்சி?"

"ரமீஸா. கடையநல்லூர்ல மருந்துக்கடை வச்சிருக்கு. அறுநூத்து நாப்பது மாத்திரைப் பேரை எப்படி உச்சரிக்கணும்னு எழுதி அனுப்புச்சு. வச்ச ஃபோல்டர் தப்பு. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் தப்பு. மூணு தடவை! இன்னைக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு. வாசிக்கவா?"

"வாசிங்க."

"'ஐயா, மாத்திரை எது என்று தெரியாமல் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் டப்பாவை எந்தப் பரணில் வைப்பது என்று பாடம் எடுக்கிறீர்கள். எனக்குக் கடையில் வேலை இருக்கிறது. ஆளை விடுங்கள்.'"

செசீலி சிரித்தார்.

"சிரிக்கிறீங்க!"

"நல்லா எழுதியிருக்காங்க."

"ஆசான், முன்னாடி எல்லாம் ஒரே குவியலாக் கிடந்துச்சு. நாலு மாசம் உக்காந்து நாப்பத்தொரு ஃபோல்டராப் பிரிச்சேன். யாருக்காக? புதுசா வர்றவங்களுக்காக. இருபத்திமூணு பக்கம் வழிகாட்டி எழுதி, அச்செடுத்துப் பையிலயே வச்சிருக்கேன். உச்சரிப்புப் பட்டியல் எங்க போகணும்னு பதினேழாம் பக்கத்துல பளிச்சுன்னு இருக்கு. படிக்க மாட்டாங்களாம். உங்க வீட்டுல ஒரு டம்ளர் இடம் மாறினா சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன். கத்துவேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

செசீலி இழுப்பறையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தார். ஒன்றைக் கைப்பேசியின் முன் பிடித்தார். வாசிப்பான் ஒரு பெயரைச் சொன்னது. இன்னொன்றைப் பிடித்தார்.

வாசிப்பான் அதே பெயரைச் சொன்னது.

"ஒண்ணு சர்க்கரைக்கு. ஒண்ணு பிரஷருக்கு. உச்சரிப்புத் தெரியாம ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லுது. நேத்து எது எதுன்னு தெரியலை. ரெண்டையும் போடலை."

ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

"ரமீஸா பட்டியல்ல இந்த ரெண்டும் இருக்கா?"

"இருக்கு." அவர் குரல் இறங்கவில்லை. "அதுக்காக? அவசரம்னா ஒழுங்கு வேண்டாமா? இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாம் பழையபடி குவியல்தான்."

"இதுவரைக்கும் எத்தனை பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க?"

"ரமீஸாவோட சேத்துப் பன்னெண்டு பேர்."

செசீலி மடிக்கணினியில் ஏதோ தட்டினார். வாசிப்பான் கடுகு பொரிவதுபோலப் பொரிந்தது. ஆவுடையப்பனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"இது நான் கேக்குற வேகம். உங்களுக்குக் குறைக்கிறேன்."

இப்போது அது ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல் சொல்லாகப் படித்தது.

"செல்வின். பேருந்து நிறுத்தங்கள். 'சொற்கள்' ஃபோல்டரில் வைத்துள்ளீர்கள். தவறு. வழிகாட்டியைப் படிக்கவும்."

"கோமளா. மீன் பெயர்கள். 'சொற்கள்' ஃபோல்டரில் வைத்துள்ளீர்கள். தவறு. வழிகாட்டியைப் படிக்கவும்."

"இது நான் எழுதினதுல்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆமா."

"மாரிராஜ். ரயில் நிலையங்கள். 'சொற்கள்' ஃபோல்டரில்..."

"போதும், ஆசான்."

செசீலி நிறுத்தவில்லை. பன்னிரண்டும் ஓடின. கடைசியாக ரமீஸா, மூன்று முறை.

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார்.

"கேட்டீங்களா! பன்னெண்டு பேர். ஒருத்தர்கூடப் படிக்கலை. 'சொற்கள்'ங்கிறது சொல்லைப் பிரிக்கிற நிரலுக்கு. பட்டியலுக்கு இல்ல. எழுதி வச்சிருக்கேன். எழுதி வச்சும் பன்னெண்டு பேரும் அங்கயே கொண்டுபோய்ப் போட்டா நான் என்ன செய்ய?"

"தடை போட்டுருவோம்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா அந்தப் பேரெல்லாம் எனக்கு வேணும், அண்ணாச்சி. பட்டியல் உங்ககிட்ட இருக்கு. நீங்களே சரியான இடத்துல வச்சிருங்க. இப்பவே. நான் மாத்திரை போடணும்."

"ஒரு நிமிஷ வேலை."

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் எதைத் திறந்தாலும் வாசிப்பான் அதன் பெயரைச் சொன்னது.

"தரவு," என்றது.

"வளம்."

"மொழி. இதனுள் ஐந்து ஃபோல்டர்கள்."

ஆவுடையப்பன் சற்று நிதானித்தார்.

"விலக்கு," என்றது. "காலி."

"துணை. காலி."

"மொழி," என்றது மறுபடியும்.

செசீலி இரண்டு அட்டைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வளம்."

"தரவு."

பிறகு வாசிப்பான் எதுவும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் தன் தோள்பையின் ஜிப்பை மெல்ல, பல் பல்லாக இழுத்தார்.

"என்ன சத்தம், அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல, ஆசான்."

ஒரு தாள் புரண்டது. இன்னொரு தாள் புரண்டது.

"பதினேழு," என்றார் செசீலி.