நடுங்காத படம்

கரட்டுக்குளத்துக்காரர்கள் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்ல. முழுக்கக் கேட்பார்கள். கேட்டதை ஒன்று விடாமல் செய்வார்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது.

தவசியின் அக்கா இசக்கியம்மாளுக்கும் அத்தானுக்கும் அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தில் இரவல் கேமராவில் படம் எடுத்தவன் தவசி. கை நடுங்கிவிட்டது. படத்தில் அத்தானுக்கு நாலு கண். அக்காவுக்கு மாலைக்கு மேலே புகை மாதிரி ஏதோ ஒன்று. அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை. கூடத்தில் மாட்டி வைத்திருந்தாள், அவ்வளவுதான். இப்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "இந்தத் தடவையாவது என் மூஞ்சி விழணும், தவசி."

மஸ்கட்டில் இருந்த அவள் மகன் கேமரா அனுப்பியிருந்தான். லென்ஸ் இல்லை. கேமராவுக்குப் பொருந்துகிறதாக, கை நடுக்கத்தைத் தாங்குகிறதாகப் பார்த்து ஊர்ப்பக்கமே வாங்கிக்கொள்ளச் சொன்னான்.

தவசியும் கூட்டாளிகள் கொம்பையாவும் மாடக்கண்ணுவும் டவுனுக்குப் போனார்கள். பஸ் குலுங்கும் என்று கேமராவை வீட்டில் விட்டுவிட்டு, அதன் வாயில் கச்சிதமாக உட்கார்ந்த அக்காவின் வளையல் ஒன்றை அளவுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் வளையலைப் பார்த்தார்; மூவரையும் பார்த்தார். அகலம் ஒத்துப்போனால் போதாது, கம்பெனிக்குக் கம்பெனி பூட்டு வேறு, கேமராவையே கொண்டுவாருங்கள் என்றார். மறுநாள் கொண்டுபோனார்கள். வளையலையும்தான், அதை வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

லென்ஸ் ஒரே திருகில் க்ளிக்கென்று உட்கார்ந்தது. கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். உள்ளே ஒரு கண்ணாடி மிதக்கிறது. கை இந்தப் பக்கம் நடுங்கினால் அது அந்தப் பக்கம் நகர்ந்து சரிக்கட்டிவிடும். ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் மட்டும் இந்தப் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே ஆட ஆரம்பிக்கும். தூசி ஆகாது, மூடி எப்போதும் மேலே இருக்கட்டும். எடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாடக்கண்ணு வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "நடுக்கம் இல்லேன்னா படம் கெட்டுரும்னுல்லா சொன்னாரு. அன்னைக்குன்னு பாத்து இவனுக்குக் கை நின்னுபோச்சுன்னா?"

"பொத்தானை அணைச்சிரலாம்" என்றான் தவசி.

"அது ஸ்டாண்டு வச்சிருக்கவனுக்குச் சொன்னது. நம்மகிட்ட ஸ்டாண்டு ஏது?"

ஊர் வரும்வரை தவசி தன் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பயந்ததே நடந்தது. பட்டுச்சேலையில் மாலையோடு அக்கா வந்து உட்கார்ந்ததும் தவசிக்கு மனசு நிறைந்து, கை கல்லாக நின்றுவிட்டது. மாடக்கண்ணு ஓடிவந்து அவன் முழங்கையைப் பிடித்து ஆட்டினான். போதுமா என்று கேட்டுக் கேட்டு ஆட்டினான். ஹோமப்புகை வேறு, அதனால் கொம்பையா லென்ஸின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றான். எந்தக் கண்ணை மூடுவதென்று கடைக்காரர் சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று தவசி இரண்டையும் மூடிக்கொண்டான். தாலி ஏறியது. நூற்றிருபது படம் எடுத்தார்கள்.

பிரிண்ட் போடுகிறவர் "இதையா?" என்று மூன்று தடவை கேட்டார். இதைத்தான், பெரிசாக, கண்ணாடிச் சட்டம் போட்டு என்றார்கள். சட்டத்துக்குள் போகுமுன் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். மூலைக்கு மூலை ஒரே கறுப்பு.

"எங்கயாவது நடுக்கம் தெரியுதா?" என்றான் மாடக்கண்ணு.

"ஒரு இடத்துலகூட இல்ல" என்றான் கொம்பையா.

"அக்கா?" என்றான் தவசி.

சட்டம் போட்டால் எடுப்பாகத் தெரியும் என்று இருவரும் சமாதானம் சொன்னார்கள்.

பேப்பரில் சுற்றிய படத்தை அக்காவிடம் கொடுக்கும்போதுதான் தவசிக்குக் கை நடுங்கியது. அவள் பேப்பரைப் பிரித்து, கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, அசையாமல் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"அப்படியே இருக்கேன், தவசி" என்றாள். கண் கலங்கிவிட்டது. "கண் கலங்குனதுகூட விழுந்திருக்கு."

அத்தான் வாங்கிப் பார்த்தார். தான் நன்றாகத்தான் இருப்பதாகவும், இவளைத்தான் காணோம் என்றும் சொன்னார். அக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். வந்த பிறகு இருந்தாள்.

அவர்கள் தோளுக்கு மேலாகக் கொம்பையா தலையை நீட்டினான்.

"எலே, கல்யாணப் படத்துல நீ எதுக்குல குறுக்க வந்து நின்ன?" என்றான் மாடக்கண்ணு.

"மூடியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேம்லா. நான் எங்க போவேன்?"

அது நியாயமாகத்தான் பட்டது. படம் கைமாறிக் கைமாறி, கடைசியாகத் தவசியிடம் வந்தது. பார்த்தான். நட்டநடுவில் அவனே நின்றுகொண்டிருந்தான், துளி நடுக்கமில்லாமல். சிரித்த முகம் மெல்லச் சுருங்கியது.

"அக்கா, இதுல நான் நிக்கேன்னா, அன்னைக்குப் படம் எடுத்தது யாரு?"