கஜானா வாசலில் வரிசை

“தாயே, கதவை மூடினாலும் செத்தோம், திறந்து வச்சாலும் செத்தோம்” என்றார் மருதப்பன்.

அவர் கடம்பத்தீவின் கஜானா அதிகாரி. ஊரையே அதட்டும் குரல் அன்று நடுங்கியது.

துறவி செங்கமலத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உக்காரு. என்ன ஆச்சு?”

“ஒன்பது நாள்ல அரிசிக் கப்பல் வருது.”

தீவில் நெல் விளையாது. மிளகு விற்று வரும் அந்நியப் பொற்காசில்தான் அரிசி வாங்க வேண்டும். தீவின் செம்புக்காசைக் கப்பல்காரன் தொடக்கூட மாட்டான். பொன்னைக் கண்ணால் பார்த்த பிறகே மூட்டையை இறக்குவான்.

“பொன் இல்லையா?”

“ரெண்டு வருஷமா மிளகுக்கொடியில நோய். அரிசியும் விலை ஏறிடுச்சு. வெளிநாடு போன பிள்ளைங்க அனுப்புறதும் பாதியாயிடுச்சு.”

“அதனால தீர்ந்துபோச்சா?”

“இல்லை தாயே. அப்பவும் எட்டு மாசத்துக்கு இருந்துச்சு. போன அமாவாசையிலேர்ந்துதான் ஜனங்க வரிசை கட்டிட்டாங்க. பத்துச் செம்புக்கு ஒரு பொன்னுன்னு அரசர் வாக்கு. யார் வந்தாலும் மாத்திக் கொடுக்கணும். வாங்கிட்டுப் போய்ப் புதைச்சு வைக்கிறாங்க. இப்போ கப்பலுக்கு வேண்டியது மட்டும்தான் மிச்சம்.”

“மூடிடு.”

“மூடினா உள்ளே ஒண்ணுமில்லைன்னு ஊரே கத்தும். அந்தச் சேதி எட்டினா கப்பல் பாதி வழியில திரும்பிடும். பட்டினிதான்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தாய் எழுந்தாள். இருவரும் கஜானாவுக்கு நடந்தார்கள்.

வரிசை கடைத்தெரு வரை நீண்டிருந்தது. கடைசியில் ஒரு வலைக்காரன் நின்றான்.

“எதுக்குப்பா நிக்கிறே?”

“எல்லாரும் நிக்கிறாங்களே, தாயே.”

நடுவில் ஒரு மீன்காரி.

“மிளகு மண்டிக்காரரே நிக்கிறாரு. விஷயம் தெரியாமலா நிப்பாரு?”

மண்டிக்காரர் வாசலருகே நின்றார். மருதப்பனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னை ஏன் கேக்கிறீங்க? அமாவாசையன்னிக்கு முதல் ஆளா வந்தது யாருன்னு இவரையே கேளுங்க.”

தாய் மருதப்பனைப் பார்த்தாள்.

“யாரு?”

“என் வீட்டுக்காரி.”

“அவளுக்கு யாரு சொன்னது?”

மருதப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் ஒரு துணிமூட்டையோடு திரும்பி வந்தார். மூட்டையின் மேலெல்லாம் தோண்டி எடுத்த மண் ஒட்டியிருந்தது. வரிசையின் கடைசியில், வலைக்காரனுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ஐயா, நீங்களுமா மாத்த வந்தீங்க?”

“ஆமா. பொன்னைக் கொடுத்துட்டுச் செம்புக்காசு வாங்க வந்தேன்.”

வலைக்காரன் மூட்டையைப் பார்த்தான்.

“பயமா இல்லையா ஐயா?”

“ரொம்பப் பயமா இருக்கு” என்றார் மருதப்பன்.

வலைக்காரன் தன் செம்புக்காசை இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான்.