சுருட்டுமாயனின் மலைப்படம்

முன்னொரு காலத்திலே, மேகமெல்லாம் காலுக்குக் கீழே போகிற அவ்வளவு உயரத்தில் ஒரு மலைநாடு இருந்தது. அங்கே பொம்மாயி என்பவள் நாற்பது மாடுகளை மேய்த்துப் பிழைத்தாள். அந்த நாட்டில் ஒரு வழக்கம். பால் கறந்தால் முதல் பீச்சு மண்ணுக்கு. "உன் புல்லு, உன் தண்ணி, உனக்கே முதல்" என்று சொன்ன பிறகுதான் செம்புக்கு.

ஒருநாள் காலையில் சுருட்டுமாயன் என்ற மந்திரவாதி வந்தான். பேரைக் கேட்டபோதே உஷாராகியிருக்கலாம். பொம்மாயி வெள்ளந்தி, என்ன செய்ய! அவன் கையில் ஒரு பழைய தோல்படம். அந்த மலையின் மேடும் பள்ளமும் அதில் வளையத்துக்குள் வளையமாகக் கோடு போட்டிருந்தது.

"அம்மிணி, இதில் பேரெல்லாம் அழிஞ்சு போச்சு. சொல்லு, எழுதிக்கிறேன்."

"மேடு, கூனமேடுங்க. புல்வெளி, பசுந்தடமுங்க. ஓடை, சில்லோடைங்க."

மூன்றையும் எழுதி, "வா உள்ளே" என்றான். மேடு மறைந்தது, புல்வெளி மறைந்தது, ஓடை மறைந்தது. மேய்ந்த மாடுகளும் கூடவே போயின. மிஞ்சியது வெறும் பாறையும், அவள் கையில் பிடித்திருந்த செவலைப்பசுவும்தான்.

"ஐயா, மாடில்லாம நான் எப்படிப் பொழைப்பேன்? திருப்பிக் குடுங்க."

"சுருட்டினது சுருட்டினதுதான். தாகமா இருக்கு, பாலைக் கற."

படத்தை மடியில் விரித்து வேடிக்கை பார்த்தான். உள்ளே முப்பத்தொன்பது மாடும் எறும்பாக ஊர்ந்தன.

பொம்மாயி அழுதுகொண்டே கறக்க உட்கார்ந்தாள். முதல் பீச்சை எங்கே விட? கீழே பாறை. மண்ணோ படத்துக்குள். இத்தனை வருஷம் சோறு போட்ட மண்ணை மறக்க முடியுமா? காம்பைப் படத்தின் பக்கம் திருப்பினாள்.

"உன் புல்லு, உன் தண்ணி, உனக்கே முதல்."

பால் பட்டு வளையங்கள் கரைந்தன. மேடு வந்தது, புல்வெளி வந்தது, ஓடை வந்தது. மாடுகள் கத்திக்கொண்டு அவளிடம் ஓடி வந்தன. காலியான தோலோ, மடியில் வைத்திருந்தவனையே சுருட்டிக்கொண்டது.

"அம்மிணி, காப்பாத்து!"

"இனிமே சுருட்டுவீங்களா?"

"மாட்டேன், மாட்டேன், மாட்டேன்."

பாவம் என்று இன்னொரு பீச்சு விட்டாள். வெளியே வந்து விழுந்தவனிடம் செம்பு நிறையக் கறந்து நீட்டினாள். தாகத்தில் நாக்கு ஒட்டியிருந்தும், அவன் முதல் வாயை மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் குடித்தான்.

மண்ணும் நல்லா இருந்தது, மாடும் நல்லா இருந்தது. கேட்ட நாமும் நல்லா இருப்போம்.