ஐம்பது தாவல் தூரம்

கோடை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம். அதன் கரையில் கால் நீட்டிப் படுத்திருந்தான் காட்டுப்பூனை வரியன்.

போன வருஷம் முயல் செம்பியைப் புதருக்குள் மடக்கிக் கொடுமை செய்தவன் இவன். அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஆற்றுக்கு அப்பால் துரத்தப்பட்டிருந்தான். திரும்பி வந்த அன்றே காட்டுத் தலைவர் காட்டெருமை சட்டம் போட்டார்.

"இனி நீங்கள் இருவரும் ஐம்பது தாவல் தூரம் விலகியே இருக்க வேண்டும்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். வரியனும் ஆட்டினான். அவன் ஆட்டியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் செம்பி தண்ணீருக்கு வந்தாள்.

"ஏய், நில்லு!" என்று கத்தினான் வரியன். "ஐம்பது தாவலுக்குள் வருகிறாயே! சட்டம் மறந்துபோச்சா?"

செம்பி திரும்பி ஓடினாள். அடுத்த நாளும் இதே கதை. மூன்றாம் நாள் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் அனுசரித்துப் போயேன், அக்கா!" என்றது மைனா. "மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊற்று இருக்காம். அவன்தான் திருந்திட்டேன்கிறானே!"

"திருந்தினவன் என் தண்ணீரை ஏன் மறிக்கிறான்?"



செம்பி நேராகக் குளத்துக்கு நடந்தாள். நாற்பது தாவல்! முப்பது! இருபது!

"மீறிட்டாள்! சட்டத்தை மீறிட்டாள்! எல்லாரும் வாங்க!" என்று அலறினான் வரியன்.

காடே ஓடி வந்தது. காட்டெருமையும் மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா இது?"

"ஐயா, குற்றம் செய்தது யார்?" என்று கேட்டாள் செம்பி.

"வரியன்."

"தண்டனை யாருக்கு?"

"அவனுக்குத்தான்!"

"அப்புறம் தாகத்தில் சாகிறது ஏன் நான்?"

காட்டெருமை குளம்பால் தரையை உதைத்தார்.

"கோளாறு என் வாயில்! 'இருவரும்' என்று சொல்லித் தொலைத்தேன். 'வரியன்' என்று சொல்லியிருக்க வேண்டும்!"

"நான்தானே முதலில் வந்தேன்!" என்று சீறினான் வரியன்.

"முதலில் வந்தால் என்ன? அவள் வந்தால் நீ எழுந்து போ! எங்கே அவள் நின்றாலும் ஐம்பது தாவல் தள்ளி நிற்பது உன் வேலை. தூது விடுவது, மன்னிப்புக் கேட்கிறேன் என்று பின்னால் வருவது, எதுவும் கூடாது!"

"எனக்கும் தாகம் எடுக்குமே!"

"அவள் குடித்துவிட்டுப் போன பிறகு குடி. இப்போது ஓடு!"

கொம்பு தாழ்ந்தது. வரியன் பாய்ந்து ஓடினான்! அவன் தலைக்கு மேலேயே பறந்து எண்ணியது மைனா: "நாற்பத்தெட்டு! நாற்பத்தொன்பது! இன்னும் ஒன்று இருக்கு, நகருடா!"

செம்பி குனிந்தாள். இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. வயிறு முட்டக் குடித்தாள்.

கொடுமை செய்தவன்தான் விலகிப் போக வேண்டும். பட்டவளை விலகிப் போகச் சொல்வது இன்னொரு கொடுமை.